வரி முனையில் சொல்லை உடைப்பீர்களா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன், தவறாகப் புரிந்துகொண்டு பதில் எழுதிவிடக் கூடாது இல்லையா? ஓய்வுபெற்ற ஆசிரியரான உங்கள் அப்பாவின் கட்டுரைகளை 160 பக்கப் புத்தகமாகக் கொண்டுவருகிறீர்கள். டெமி 1/8 அளவு. நீங்களே வேர்டில் பக்கம் கட்டிப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்தால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழுகிறது. அதை எடுத்துவிட்டு, இடது ஓரம் மட்டும் நேராக நிற்கும்படி லெஃப்ட் அலைன் செய்தால் வலப்பக்கம் எலி கடித்த மாதிரி இருக்கிறது. அச்சகத்தில் ‘புத்தகம்னா ஜஸ்டிஃபைதான்’ என்கிறார்கள். கணினித் துறையில் இருக்கும் உங்கள் மகள் ‘இப்பல்லாம் யாரும் ஜஸ்டிஃபை பண்றதில்லப்பா’ என்கிறாள். இரண்டில் எது முறை என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கவலை கடைசி வரியில்தான் இருக்கிறது: ‘வலப்பக்கம் ஏறி இறங்கி இருந்தால் அரைகுறை வேலை என்று நினைத்துவிடுவார்களோ?’

நான் 1990களின் நடுவில் பேஜ்மேக்கரில் தொடங்கி, இப்போது இன்டிசைனில் தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் கட்டுகிறவன். கதை, கட்டுரை, ஆய்வு நூல் என்று எல்லாம் செய்திருக்கிறேன். நாளிதழில் வேலை பார்த்ததில்லை. அங்கே நேர நெருக்கடியே வேறு, அதைப் பற்றி எனக்குச் சொல்ல அருகதை இல்லை. நான் கண் மருத்துவனோ வாசிப்பு ஆராய்ச்சியாளனோ அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழே நான் சொல்வதில் கணக்காகச் சொல்லக்கூடியதும் உண்டு, என் ரசனையும் உண்டு. எது எது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

என் பதில் இதுதான். ஜஸ்டிஃபையா லெஃப்ட் அலைனா என்பதைக் கடைசியில் முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்ய வேண்டும்: வரி முனையில் தமிழ்ச் சொல்லை உடைக்க நீங்கள் தயாரா? தயார் என்றால் ஜஸ்டிஃபை செய்யுங்கள், அழகாக வரும். உடைக்க மனமில்லை, அல்லது நேரமில்லை என்றால் லெஃப்ட் அலைன் செய்யுங்கள். உடைக்கவும் மாட்டேன், இரண்டு பக்கமும் நேராக நிற்கவும் வேண்டும் என்று டெமி அளவில் பிடிவாதம் பிடித்தால் ஓட்டைதான் மிஞ்சும். இப்போது உங்கள் கோப்பில் நடந்திருப்பது அதுதான்.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். டெமி 1/8 என்றால் தாளின் அகலம் ஐந்தரை அங்குலம். இருபுறமும் மார்ஜின் போக எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 4 அங்குலம், அதாவது 288 பாயிண்ட். 11 பாயிண்ட் எழுத்தில் இந்த அகலத்துக்குள் ஐந்தாறு தமிழ்ச் சொற்கள்தான் உட்காரும். இதே அகலத்தில் ஆங்கிலம் என்றால் பத்துச் சொல் தாராளமாக வரும். ஆக, வரியில் மிஞ்சும் இடத்தை ஆங்கிலம் ஒன்பது இடைவெளிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. தமிழுக்கு நான்கைந்துதான் இருக்கிறது.

ஓர் உதாரணம். ஐந்து சொற்கள் சேர்ந்து 220 பாயிண்ட் பிடிக்கின்றன. நடுவில் நான்கு இடைவெளி, ஒன்று 3 பாயிண்ட் வீதம் 12. மொத்தம் 232. வரியில் மிச்சம் 56 பாயிண்ட். அடுத்து வர வேண்டிய சொல் ‘எழுதிக்கொண்டிருந்தார்’. அது 90 பாயிண்ட்டைத் தாண்டும். இடம் போதாது, அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. இப்போது அந்த 56 பாயிண்ட்டை நான்கு இடைவெளிகள் சுமக்க வேண்டும். ஒன்றுக்குப் 14 கூடி, 3 பாயிண்ட் இருக்க வேண்டிய இடைவெளி 17 ஆகிறது. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நடுவில் ஒன்றரை எழுத்து உட்காரும் அளவுக்கு வெற்றிடம். அதே சொல்லை ‘எழுதிக்’ என்று உடைத்து முன்பாதியை மேல்வரியில் நிறுத்தினால், அது 38 பாயிண்ட் பிடிக்கும். புதிதாக ஓர் இடைவெளியும் சேரும். மிச்சம் 15, பங்கு போட ஐந்து இடைவெளிகள். ஒவ்வொன்றும் 6 பாயிண்ட் ஆகும். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் 17 எங்கே, 6 எங்கே?

தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபு, துணைவினை, இடைச்சொல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வரும். ‘போனவர்களிடமிருந்துதான்’ என்று ஒரே சொல்லில் ஒரு சிறிய வாக்கியமே இருக்கிறது. எழுத்துகளும் அகலம். ஒரு சின்ன இடைச்செருகல்: 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது ணை, லை, ளை, னை என்ற நான்கும் பழைய துதிக்கை வடிவத்தை விட்டு, தனி ‘ை’ போட்டு எழுதும் வடிவத்துக்கு மாறின. ணா, றா, னா மூன்றும் கூட்டெழுத்தாக இருந்தவை, தனிக் காலுடன் பிரிந்தன. கற்பதற்கு எளிது, தட்டச்சுக்கு எளிது, எல்லாம் சரிதான். ஆனால் அந்தச் சொற்கள் கொஞ்சம் அகலமாயின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கம் கட்டுகிறவன் கண்ணுக்கு இதெல்லாம் படும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் பழைய புத்தகங்களில் ஏன் இந்த ஓட்டைகள் இல்லை? உங்கள் அப்பாவின் அலமாரியில் ஈய எழுத்தில் அச்சான புத்தகம் ஒன்றாவது இருக்கும். எடுத்து வலப்பக்க ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். சொற்கள் சரமாரியாக உடைந்திருக்கும். பல புத்தகங்களில் சிறுகோடுகூட இருக்காது. ‘எழுதிக்கொண்’ என்று ஒரு வரி முடியும், ‘டிருந்தார்’ என்று அடுத்தது தொடங்கும். நாம் அதைக் கவனிக்காமலேயே படித்து வளர்ந்தோம். நாளிதழ்களின் குறுகிய நெடுவரிசைகளில் இன்றும் அப்படித்தான் படிக்கிறோம். அதற்கு முன் ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. ஏடு முடிகிற இடத்தில் வரி முடியும், சொல்லின் மிச்சம் அடுத்த வரியில் தொடரும். எழுத்தை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி அடுத்த வரியில் தொடர்வது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

அது நின்றுபோனது கணினி வந்த பிறகு. இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பேஜ்மேக்கருக்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டி வைத்தவை. ‘தமிழ்’ என்று நீங்கள் திரையில் பார்ப்பது மென்பொருளுக்கு ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. இதை ஆங்கிலச் சொல் என்று நினைத்து அது உடைத்தால் என்ன ஆகும்? ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு மேல்வரியில் தொங்கும், ககரம் கீழ்வரியில் கிடக்கும். புள்ளி தனியாக அடுத்த வரிக்கு ஓடும். இரண்டு தடவை இப்படி அடி வாங்கியதும் ஹைஃபனேஷன் என்ற சொல் உடைக்கும் வசதியையே அணைத்து வைத்துவிட்டோம். அணைத்ததில் தப்பில்லை. ஆனால் ஜஸ்டிஃபையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். சொல்லை உடைத்துத்தான் இரண்டு ஓரமும் நேராக நின்றன என்பதை மறந்துவிட்டோம். இன்று நீங்கள் பார்க்கும் ஓட்டைகளில் பெரும்பங்கு அங்கே தொடங்கியது என்பது என் கணிப்பு.

நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில், ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்திலிருந்து வந்த கம்பாசிட்டர் ஒருவர் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கொடுத்த பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு பார்ப்பார். முதலில் எனக்குப் புரியவில்லை. “தலைகீழா வெச்சா படிக்கத் தோணாது தம்பி, பொத்தல் மட்டும் தெரியும்” என்றார். உண்மைதான். நேராக வைத்தால் மனம் சொல்லைப் படித்துக்கொண்டே போய்விடும். தலைகீழாக வைத்தால் மூன்று நான்கு வரிகளின் இடைவெளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, பக்கத்தின் நடுவே வெள்ளைச் சந்து போல இறங்குவது பளிச்சென்று தெரியும். அந்தச் சந்துகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுப்பார். சில பக்கங்கள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பி வரும்.

ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே களைந்துவிடுகிறேன். ‘ஈய எழுத்தில் ஜஸ்டிஃபை தவிர வேறு செய்யவே முடியாது, அதனால்தான் அந்தப் பழக்கம்’ என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. எழுத்துகளைக் கோக்கும் ஸ்டிக் என்ற சட்டத்தில் வரி இறுக்கமாக நிற்க வேண்டும், இல்லையென்றால் முடுக்கும்போது எழுத்து உதிரும். ஆனால் மிச்ச இடத்தை வரியின் கடைசியில் வெற்றுக் கட்டையால் அடைத்தாலும் இறுக்கம் வந்துவிடும். கவிதைகளை அப்படித்தானே கோத்தார்கள்? ஆக, இரண்டு ஓரமும் நேராக நின்றது தொழிலின் கட்டாயத்தால் மட்டுமல்ல, அது அழகு என்று நினைத்ததாலும்தான். கூடன்பர்க் 1450களில் அச்சிட்ட விவிலியத்தில் ஓரம் நேராக நிற்பதற்காக ஒரே எழுத்துக்கு வெவ்வேறு அகல அச்சுகளையும், கூட்டெழுத்துகளையும், சுருக்கக் குறிகளையும் சேர்த்து ஏறத்தாழ 290 அச்சுகள் வைத்திருந்தார். அவ்வளவு மெனக்கெட்டால்தான் ஜஸ்டிஃபை அழகாக வரும். நாம் வேர்டில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு அதே அழகை எதிர்பார்க்கிறோம்.

மறுபக்கம், வலது ஓரத்தை ஏறி இறங்க விட்டால் அரைகுறை வேலையா என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1931இல் எரிக் கில் என்ற ஆங்கிலேய எழுத்து வடிவமைப்பாளர், அச்சுக்கலை பற்றித் தான் எழுதிய புத்தகத்தையே வலது ஓரம் சமனில்லாமல் அச்சிட்டார். சொற்களுக்கிடையே ஒரே அளவு இடைவெளி இருப்பதுதான் முக்கியம், ஓரம் நேராக நிற்பது இரண்டாம்பட்சம் என்பது அவருடைய வாதம். ஆக, லெஃப்ட் அலைன் என்பது வேலை தெரியாதவர் செய்வது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் தமிழ்ப் புத்தகக் கடையில் உங்கள் புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறவருக்கு அது பழக்கமில்லாத தோற்றம் என்பதும் உண்மை. கதை, கட்டுரை நூல்களில் எண்ணிப் பார்த்தால் பெரும்பாலானவை ஜஸ்டிஃபைதான். சிலர் வித்தியாசத்தைக் கவனிப்பார்கள். தப்பு என்று நினைப்பார்களா என்பது மற்ற வேலைகளைப் பொறுத்தது. மார்ஜினும் வரி இடைவெளியும் எழுத்துருவும் ஒழுங்காக இருந்தால், வேண்டுமென்றே செய்தது என்று புரிந்துவிடும்.

படிக்க எது எளிது என்ற கேள்வி இருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1970இல் கிரிகரி, பௌல்டன் என்ற இருவர் செய்த சோதனையில், நன்றாகப் படிக்கக்கூடியவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. படிப்பதில் சிரமம் உள்ளவர்களுக்கு மட்டும், வரிக்கு ஏழு சொல் என்ற குறுகிய அகலத்தில் ஜஸ்டிஃபை செய்த பகுதி கடினமாக இருந்தது. வரிக்குப் பன்னிரண்டு சொல் என்று அகலப்படுத்தியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. நம் டெமி புத்தகத்தில் வரிக்கு ஐந்தாறு சொல்தான் என்பதை நினைத்தால் இது காதில் மணி அடிக்கிறது. ஆனாலும் இதைத் தமிழுக்கு அப்படியே தூக்கி வைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நம் சொல் நீளம் வேறு, ஆறு சொல் இருக்கும் தமிழ் வரியில் பத்துச் சொல் ஆங்கில வரிக்கு இணையான செய்தி இருக்கும். எனவே இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிரூபணமாக அல்ல. உங்கள் மகள் சொல்வதற்கும் அடிப்படை இருக்கிறது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் நெறிமுறையில் மிக உயர்ந்த நிலை, எழுத்தை இருபுறமும் சமன்செய்ய வேண்டாம் என்கிறது. டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு எழுதுவது பற்றிய பிரிட்டிஷ் அமைப்பின் வழிகாட்டியும் அதையேதான் சொல்கிறது. திரையைப் பொறுத்தவரை அவள் கட்சிதான் நானும். கைபேசியில் வரிக்கு மூன்று நான்கு தமிழ்ச் சொல்தான் வரும், அங்கே ஜஸ்டிஃபை செய்வது கொடுமை. ஆனால் திரைக்குச் சொன்ன விதியைத் தாளுக்கு இழுத்துவர வேண்டியதில்லை. தாளில் அகலம் நம் கையில் இருக்கிறது, ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துத் திருத்தவும் முடியும்.

இப்போது உடைக்கிற விதம். தமிழில் இது கடினமே இல்லை. உயிர்மெய்யைப் பிரிக்கக் கூடாது, யூனிகோடு எழுத்துருவில் இருந்தால் மென்பொருளே அதைப் பார்த்துக்கொள்ளும். மெய்யெழுத்தில் வரி தொடங்கக் கூடாது: ‘வந்|தான்’ சரி, ‘வ|ந்தான்’ தப்பு. முனையிலோ தொடக்கத்திலோ ஒற்றை எழுத்தைத் தனியாக விடாதீர்கள். ‘அ’ என்று வரி முடிந்து ‘வர்கள்’ என்று தொடங்குவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். இந்த மூன்றிலும் கருத்து வேறுபாடு கிடையாது. இதற்குமேல் இருப்பது ரசனை. கூடுமானவரை சொல்லின் உறுப்புகள் சேரும் இடத்தில் உடைக்கலாம்: ‘எழுதிக்|கொண்டிருந்தார்’, ‘அவர்களிட|மிருந்து’. அப்புறம், உடைந்த துண்டு வேறொரு சொல்லாகப் பல்லிளிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பொறுமையற்ற’ என்ற சொல் ஒரு முறை எனக்கு ‘பொறு’ என்று முடிந்து அடுத்த வரியில் ‘மையற்ற’ என்று தொடங்கியது. அச்சகத்தில் மை தீர்ந்துபோனதாகப் புரூஃப் பார்த்தவர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

உடைத்த இடத்தில் சிறுகோடு போடலாமா வேண்டாமா என்பதில்தான் எனக்கே உறுதியில்லை. கோடு இல்லாமல் உடைப்பது பழைய வழக்கம், ஓரமும் சுத்தமாக இருக்கும். ஆனால் இன்றைய வாசகர், குறிப்பாக இளைஞர்கள், ‘எழுதிக்’ என்று வரி முடிந்தால் இடையில் இடைவெளி விட்டு எழுதிய இரண்டு சொற்கள் என்று நினைக்கலாம். தமிழில் சேர்த்து எழுதுவதும் பிரித்து எழுதுவதும் பொருளையே மாற்றும் அல்லவா? ‘வந்துவிட்டான்’ என்றால் வந்து சேர்ந்தாயிற்று, ‘வந்து விட்டான்’ என்றால் வந்து எதையோ யாரையோ விட்டுப் போனான். கோடு போட்டால் அந்தக் குழப்பம் இல்லை, ஆனால் ஓரம் கோடு கோடாகத் தெரியும். நான் கட்டுரை நூல்களுக்குக் கோடு போடுகிறேன், நாவல்களுக்குப் போடுவதில்லை. இதற்கு நியாயம் கேட்டால் சொல்லத் தெரியாது. எதைச் செய்தாலும் புத்தகம் முழுக்க ஒரே மாதிரி செய்யுங்கள், கோடு போட்டால் தொடர்ந்து இரண்டு வரிக்கு மேல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஒட்டி ஒரு வேண்டுகோள். வரி சரியாக உட்கார வேண்டும் என்பதற்காக, சேர்ந்த சொல்லுக்கு நடுவே ஸ்பேஸ் தட்டிப் பிரித்துவிடுவது எங்கள் தொழிலில் இருக்கும் கெட்ட பழக்கம். நானும் செய்திருக்கிறேன். தொடக்க காலத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பில் இப்படி நூறு இடத்திலாவது தட்டியிருப்பேன். பிறகு எழுத்துரு அளவை மாற்றியபோது வரிகள் எல்லாம் நகர்ந்து, அந்த ஸ்பேஸ்கள் வரியின் நடுவே வந்து நின்றன. புத்தகம் அப்படியே அச்சாகிவிட்டது. எழுதியவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அடுத்த புத்தகத்தை வேறு இடத்தில் கொடுத்தார். உங்கள் அப்பா சேர்த்து எழுதியிருந்தால் அது சேர்ந்தே இருக்கட்டும். உடைக்க வேண்டிய இடத்தில் ஆப்ஷனல் ஹைஃபன் போடுங்கள், வேர்டில் கன்ட்ரோல் விசையுடன் சிறுகோட்டை அமுக்கினால் போதும். சொல் வரி முனையில் விழுந்தால் மட்டும் அது தெரியும், நடுவே வந்துவிட்டால் மறைந்துவிடும். கோடு இல்லாமல் உடைக்க இன்டிசைனில் டிஸ்கிரீஷனரி லைன் பிரேக் என்று ஒன்று இருக்கிறது.

இன்டிசைன் தெரிந்தவர் யாராவது கையில் இருந்தால் வேலை பாதியாகும். வேர்டு ஒவ்வொரு வரியாக நிரப்பிக்கொண்டே போகும், முன் வரியைத் திரும்பிப் பார்க்காது. இன்டிசைனின் பாராகிராஃப் கம்போசர் பத்தி முழுவதையும் பார்த்து, எங்கெங்கே முறித்தால் ஒட்டுமொத்தமாக இடைவெளி சீராக வரும் என்று கணக்குப் போடும். இந்த யோசனைக்கு மூலம் டொனால்ட் நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் டெக் என்ற பக்கம் கட்டும் மென்பொருளுக்காக வெளியிட்ட வழிமுறை. தமிழுக்கு வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், மொழியைத் தமிழ் என்று குறியுங்கள், ஹைஃபனேஷனைத் திறந்துவிடுங்கள். சொல் இடைவெளி குறைந்தது 80, அதிகம் 133 சதவீதம் என்று அதிலேயே இருக்கும். நான் தமிழுக்கு 75, 150 என்று கொஞ்சம் தளர்த்திக்கொள்வேன். ஆனால் எழுத்து இடைவெளியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், குறைந்தது, விரும்புவது, அதிகம் என்ற மூன்று கட்டத்திலும் பூஜ்யம்தான். ஆங்கிலத்தில் எழுத்துகளைச் சற்று அகற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. தமிழில் ‘கா’வின் கால் ககரத்தை விட்டு நகர்ந்தால் ‘கர’ என்று படிக்கத் தோன்றும். காலும் ரகரமும் ஓலைச்சுவடியில் ஒரே வடிவம், இன்றைய எழுத்துருக்களிலும் கீழே இழுக்கும் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். ‘கொ’ போன்ற எழுத்துகளோ மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும்.

ஜஸ்டிஃபை செய்யவே கூடாத இடங்கள் சில உங்கள் புத்தகத்திலும் இருக்கும். அப்பா எழுதிய வெண்பாக்கள் கடைசியில் வருவதாகச் சொன்னீர்கள். வேர்டில் பத்தி முழுவதும் ஜஸ்டிஃபையில் இருக்கும்போது, ஷிஃப்ட்டும் என்டரும் அமுக்கி அடி அடியாக முறித்தால், ஒவ்வோர் அடியையும் அது ஓரம்வரை இழுத்துவிடும். வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்றே சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. மூன்று சீரை நான்கு சீர் அகலத்துக்கு இழுத்துக் கட்டினால் யாப்பு தெரிந்தவர் முகம் சுளிப்பார். பாட்டெல்லாம் லெஃப்ட் அலைன். படங்களுக்குக் கீழ் வரும் குறிப்பு, உள்ளடக்கம், தலைப்புகள், அட்டவணைக் கட்டங்கள் எல்லாமும் அப்படியே. அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களையும் நான் லெஃப்ட் அலைன் செய்வேன். கடிதத்துக்கு அந்தத் தோற்றம் பொருந்தும், கட்டுரையிலிருந்து வேறுபட்டும் தெரியும்.

ஒருவேளை புத்தகம் முழுவதையும் லெஃப்ட் அலைன் செய்வது என்று முடிவெடுத்தால், அதிலும் வேலை உண்டு. எலி கடித்த மாதிரி என்று நீங்கள் சொன்னது, நீளச் சொல் கீழே இறங்கிப்போய் மேல்வரி பாதியில் நிற்பதால்தான். அங்கேயும் மிக நீளமான சொற்களை மட்டும் உடைத்துக் கொடுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று எழுத்து அளவில் இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும், கால்வாசி வரி காலியாக நின்றால் ஏற்காது. ‘ஜஸ்டிஃபை செய்தால் பக்கம் குறையும்’ என்று அச்சகத்தில் சொன்னால் அதை நம்பிச் செய்யாதீர்கள். வேர்டில் வரிகள் ஏறத்தாழ அதே இடத்தில்தான் முறியும், மிஞ்சிய வெள்ளை ஓரத்தில் நிற்கிறதா நடுவில் நிற்கிறதா என்பதுதான் வேறுபாடு. பக்கத்தைக் கொஞ்சம் குறைப்பது சொல்லை உடைப்பதுதான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், கட்டுரைகளை ஜஸ்டிஃபை செய்து, எழுத்தை 11லிருந்து பத்தரைக்குக் குறைத்துப் பார்ப்பேன், பெரியவர்கள் படிக்கிற புத்தகம் என்பதால் அதற்குக் கீழே போக மாட்டேன். மோசமான வரிகளை மட்டும் கையால் உடைப்பேன். 160 பக்கத்துக்கு ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு இடம் என்று வைத்தாலும் நான்கைந்து மாலைகளில் முடிந்துவிடும். ஆனால் திருத்தமெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஒரு காற்புள்ளி சேர்த்தாலும் வரிகள் நகர்ந்து திரும்பவும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். மின்னூலும் போடுவதாக இருந்தால், கையால் போட்ட முறிவுக் குறிகள் இல்லாத பிரதி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவை தேடலைக் குழப்பக்கூடும். மின்னூலில் ஓரத்தை எப்படி வைப்பது என்பதைப் படிக்கிறவரின் கருவிக்கே விட்டுவிடலாம். நேரமே இல்லை, அடுத்த வாரம் அச்சுக்குப் போயாக வேண்டும் என்றால் தயங்காமல் லெஃப்ட் அலைன் போடுங்கள். பிடிஎஃப் அனுப்புவதற்கு முன் பத்துப் பக்கத்தை அதே டெமி அளவில் தாளில் அச்செடுத்து, தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை பாருங்கள். அப்பாவிடமும் காட்டுங்கள், நேராக.